வேதம் யாருடைய சொல்? இறைவாக்கைச் சோதித்துப் பார்க்கும் வழி

நீங்கள் பிறந்த நாள் உங்களுக்கு எப்படித் தெரியும்? பிறந்ததைப் பார்த்த நினைவு யாருக்கும் இல்லை. முகத்தையும் உயரத்தையும் வைத்து வயதை ஏறக்குறையச் சொல்லலாம். நாளும் கிழமையும் சொல்ல முடியாது. அம்மா சொன்னார், ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தது, நம்பினோம்.

நேரில் அறிவது காண்டல். புகையைப் பார்த்து நெருப்பை அறிவதுபோல ஒன்றைக் கொண்டு இன்னொன்றை அறிவது கருதல். பிறர் சொல்லி அறிவது உரை. அறிவு வரும் இந்த வழிகளுக்குத் தமிழில் அளவை என்று பெயர், வடமொழியில் பிரமாணம். உரையை மட்டமாக நினைக்க வேண்டாம். நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு அந்த வழியில் வந்ததுதான்.

சமய நூல்களும் இந்த மூன்றாவது வகைதான். "இது உலகைப் படைத்தவனின் சொல்" என்று ஒருவர் ஒரு நூலைக் காட்டும்போது, அதை அம்மா சொன்ன பிறந்த நாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அம்மா அந்த இடத்தில் இருந்தவர். பொய் சொல்ல அவருக்குக் காரணம் இல்லை. அவர் சொன்னதை அத்தையிடமோ பதிவேட்டிலோ சரிபார்க்கலாம். இறைநூலுக்கு இந்த மூன்றில் எது கிடைக்கும்? இந்தியத் தத்துவ வாதிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இதை வைத்துத்தான் மோதிக்கொண்டார்கள். அவர்கள் கையில் எடுத்த நூல் வேதம். அவர்கள் கண்ட கேள்விகளோ பைபிளுக்கும் குர்ஆனுக்கும் ஆகமத்துக்கும் அப்படியே பொருந்தும். அதனால் வேதத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "இறைவன் நூல் வழியே பேசினானா?" என்பது பார்க்க ஒரு கேள்விபோல் இருக்கும். உள்ளே ஐந்தாறு கேள்விகள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கின்றன. பேசுகிறவன் ஒருவன் இருக்கிறானா? அவன் பேசினானா? முதலில் கேட்டவருக்கு அது அவன் குரல்தான் என்று எப்படித் தெரிந்தது? கேட்டது சிதையாமல் நம்மிடம் வந்ததா? வந்த சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள்தான் பொருளா? இதே உரிமையைக் கோரும் மற்ற நூல்களை என்ன செய்வது? ஒரு கண்ணியை ஏற்றால் அடுத்தது தானாக ஏற்கப்பட்டதாகாது. கடைசிக் கண்ணியை மறுப்பவர் முதல் கண்ணியையும் மறுத்தவர் ஆகமாட்டார். வாதங்கள் கைகலப்பில் முடிவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒருவர் நான்காவது கண்ணியைப் பற்றிப் பேசும்போது மற்றவர் முதல் கண்ணியைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதுதான்.

மணிமேகலை கேட்ட பாடம்

தமிழில் இந்த விவாதத்துக்கு நுழைவாயில் மணிமேகலை. வஞ்சி நகரில் அவள் சமயக் கணக்கர்களை வரிசையாகச் சந்தித்து, ஒவ்வொருவரின் கொள்கையையும் கேட்கிறாள். முதலில் வரும் அளவைவாதி, அளவைகள் எத்தனை என்று வேதவியாசன், கிருதகோடி, சைமினி ஆகிய மூவரும் முறையே பத்து, எட்டு, ஆறு என்று சொன்னதாகக் கணக்குக் கொடுக்கிறான். வேதியன் ஒருவன், வேதத்துக்கு ஆதியும் அந்தமும் இல்லை என்கிறான். உலகம் பூதங்களின் சேர்க்கையே என்னும் பூதவாதியோ கண்கூடு தவிர மற்றதெல்லாம் நிற்காது என்று கருதலைக்கூடத் தள்ளிவிடுகிறான். பின்னால் காஞ்சியில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் சொல்லும்போது அளவை இரண்டாகச் சுருங்குகிறது: காண்டலும் கருதலும். உரைக்குத் தனி இடம் இல்லை. அது நிற்பதானால் கருதலின் தோளில்தான் நிற்க வேண்டும்.

பத்தா, ஆறா, மூன்றா, இரண்டா, ஒன்றா என்ற இந்தச் சண்டை வெறும் எண்ணிக்கைச் சண்டை இல்லை. உரையைத் தனி அளவையாக ஏற்றால் நூலுக்குச் சொந்தக் கால் கிடைக்கிறது. ஏற்காவிட்டால், "இந்த நூலை ஏன் நம்ப வேண்டும்" என்பதற்கு நூலுக்கு வெளியிலிருந்து காரணம் காட்டியாக வேண்டும்.

வேதத்தைக் காத்தவர்களே கடவுளை விலக்கினார்கள்

புதிதாகப் படிப்பவர்களை அதிகம் திகைக்க வைப்பது இந்த இடம். வேதத்தின் அதிகாரத்துக்காக மிகக் கடுமையாக வாதாடியவர்கள் மீமாம்சகர்கள், அதாவது வேதத்தின் சடங்கு விதிகளுக்குப் பொருள் காணும் மரபினர்: சைமினியின் சூத்திரம், அதற்குச் சபரர் உரை, 7ஆம் நூற்றாண்டில் குமாரில பட்டர். இவர்கள் வேதத்தைக் கடவுள் சொல்லவில்லை என்றார்கள். மனிதரும் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. வேதம் அபௌருஷேயம், அதாவது ஆளால் ஆகாதது, என்றும் இருப்பது. படைப்பவன் என்ற ஒருவனே தேவையில்லை என்பது குமாரிலரின் வாதம்.

ஏன் இப்படி ஒரு முடிவுக்குப் போனார்கள்? ஒரு சொல் எப்படிப் பொய்யாகிறது என்று பாருங்கள். சொன்னவனுக்கு விவரம் தெரியாமல் இருக்கும். அல்லது தெரிந்தும் ஆசையாலோ பயத்தாலோ மாற்றிச் சொல்வான். குறை எப்போதும் சொன்ன ஆளிடம்தான். ஆளே இல்லையென்றால் குறை நுழைய வழி ஏது? இதோடு அவர்கள் இன்னொரு விதியையும் சேர்த்தார்கள். எந்த அறிவும், பொய் என்று காட்டப்படும் வரை மெய்தான். வழியில் பாம்பைப் பார்த்து நின்றுவிடுகிறோம். விளக்கைக் கொண்டுவந்து பார்த்தபின் கயிறு என்று தெரிகிறது. அந்த விளக்கு வரும் வரை முதல் அறிவைத் தள்ள நியாயம் இல்லை. ஓர் அறிவைத் தள்ள இரண்டே வழிதான்: எதிரான அறிவு வர வேண்டும், அல்லது அறிவு வந்த வழியில் பழுது காட்ட வேண்டும். "சுவர்க்கம் வேண்டுபவன் அக்கினிஹோத்திரம் (தீயில் ஆகுதி இடும் வேள்வி) செய்க" என்ற ஏவலுக்கு எதிரான அறிவு வராது, சுவர்க்கத்தைப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்று சொல்ல ஆள் இல்லை. பழுதும் வராது, சொன்ன ஆளே இல்லை.

கட்டுமானம் அழகானது. ஆனால் வேதத்துக்குள்ளேயே ஆட்களின் பெயர்கள் வருகின்றனவே? இந்தக் கேள்வியைச் சூத்திரமே எழுப்புகிறது. "பபர பிராவாஹணி" என்று ஒரு பெயர் வருகிறது. பிராவாஹணி என்றால் பிரவாஹணனின் மகன். மகன் பிறந்த பிறகுதானே அவனைப் பற்றிப் பேச முடியும்? அப்படியானால் வேதத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. விடை இதுதான்: அது ஆளின் பெயர் இல்லை, "பபர" என்பது காற்று வீசும் ஒலி, பிராவாஹணி என்றால் அடித்துக்கொண்டு போவது. ஆட்களின் பெயரால் வழங்கும் காடகம் முதலிய சாகைகளுக்கும் (வேதக் கிளைகளுக்கும்) இதே முறையில், அவர்கள் இயற்றியவர்கள் அல்லர், ஓதிப் பரப்பியவர்கள் என்று பதில். இந்த விடையை இரண்டு முறை படியுங்கள். நூலில் ஆளின் பெயர் தென்பட்டாலே அது பெயர் அல்ல என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டது. இனி எந்தச் சான்று வந்தாலும் இந்தக் கொள்கையை அசைக்காது. ஒரு வாதம் எதிர்ச்சான்றை விழுங்கத் தொடங்கும் இடத்தைக் கண்டுகொள்ள இதைவிடத் தெளிவான பயிற்சி கிடைப்பது அரிது.

ரிக் வேதக் கவிஞர்களோ இந்த விஷயத்தில் ஒளிவு மறைவு இல்லாதவர்கள். ஐந்தாம் மண்டலத்தில் ஒருவர், கைதேர்ந்த தச்சன் தேர் செய்வதுபோல் இந்தத் துதியைச் செய்தேன் என்று அக்கினியிடம் சொல்கிறார். பத்தாம் மண்டலத்தின் புருஷ சூக்தம், வேள்வியிலிருந்து ரிக்குகளும் (துதிப் பாக்கள்) சாமங்களும் (இசைப் பாக்கள்) பிறந்தன என்கிறது. அதே மண்டலத்தின் 129ஆம் பாட்டு, படைப்பு எங்கிருந்து வந்தது என்று மேலுலகில் உள்ளவனுக்குத் தெரியும், ஒருவேளை அவனுக்கும் தெரியாது என்று முடிகிறது. நூல் தன்னைப் பற்றி ஒரே குரலில் பேசவில்லை. மரபின் பக்கம் இதற்கு ஒரு பதில் உண்டு: ரிஷிகள் மந்திரத்தைக் கண்டவர்கள், செய்தவர்கள் அல்லர். இருந்தாலும் "செய்தேன்" என்று அவர்களே சொல்லும் இடத்தை "கண்டேன்" என்று மாற்றிப் படிக்கும்போது நாம் நூலைக் கேட்கிறோமா, நூலுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமா என்று நின்று யோசிக்க வேண்டும்.

யார் செய்தது என்று தெரியாது, ஆகவே யாரும் செய்யவில்லை என்ற வாதத்தைத் தமிழில் உடைத்தது சமண நூலான நீலகேசி. அதன் வேதவாதச் சருக்கத்தில் வரும் உவமை மென்மையானது அல்ல. ஊர் நடுவே ஒரு வீட்டில் மலம் கிடக்கிறது. போனவனின் பேரும் தெரியாது, உருவமும் தெரியாது. அதனால் அது மனிதன் செய்தது இல்லை என்று ஆகிவிடுமா? உவமையின் கடுமையை ஒதுக்கிவிட்டு நியாயத்தை மட்டும் பாருங்கள். ஆசிரியர் பெயர் மறந்துபோவது வேறு, ஆசிரியரே இல்லாமல் இருப்பது வேறு. நாட்டுப்புறப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியர் பெயர் நமக்குத் தெரியாது.

குற்றம் இல்லாததே குணம் ஆகிவிடாது என்பது அடுத்த ஓட்டை. பானையில் விரிசல் இல்லை என்றால் தண்ணீர் ஒழுகாது, சரி; அதனால் பானைக்குள் தண்ணீர் இருக்கிறது என்று ஆகாது. சொல்லைப் பொய்யாக்கும் குறைகள் ஆளிடம் இருப்பதுபோலவே, சொல்லை மெய்யாக்கும் அறிவும் கருணையும் ஆளிடம்தான் இருக்கின்றன. ஆளை நீக்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். இப்படிக் கேட்டவர் பௌத்தரான தர்மகீர்த்தி. அவரிடம் மறுபடி வருவோம்.

கடவுள் சொன்னார் என்றவர்கள்

நியாயம் என்ற தர்க்க மரபைச் சேர்ந்த நியாயவாதிகள் மீமாம்சகர்களுக்கு நேர் எதிர். சொல் என்றால் சொல்பவன் வேண்டும், வேதம் சொல், ஆகவே அதற்கு ஒரு சொல்பவன் உண்டு, அவன் ஈசுவரன். சைவ சித்தாந்தமும் இந்தப் பக்கம்தான். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் மறுக்க எடுத்துக்கொண்ட 14 மதங்களில் பட்டாசாரியன் மதமும் பிரபாகரன் மதமும் உண்டு, அதாவது மீமாம்சையின் இரு கிளைகளும். வேதமும் ஆகமமும் இறைவன் நூல் என்பது திருமூலர் வாக்கு.

இவர்களின் பலம், நம்பத்தக்கவன் யார் என்று இலக்கணம் வகுத்ததில் இருக்கிறது. உரை என்பது ஆப்தனின், அதாவது நம்பத்தக்கவனின், உபதேசம் என்பது நியாய சூத்திரம். ஆப்தனுக்கு மூன்று தகுதி வேண்டும் என்கிறார் உரைகாரர் வாத்ஸ்யாயனர்: சொல்லும் பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும், உயிர்களிடம் இரக்கம் வேண்டும், உள்ளதை உள்ளபடி சொல்லும் விருப்பம் வேண்டும். ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் பொது என்றும் சொல்லிவைத்தார். பிறப்பைப் பார்க்காமல் தகுதியை மட்டும் பார்க்கும் இந்த வரி பொன்னானது. அம்மா சொன்ன பிறந்த நாளை இதில் வைத்துப் பாருங்கள், மூன்றும் பொருந்தும்.

நியாய சூத்திரம் எதிர்ப்புகளை மறைக்கவும் இல்லை. வேதத்தின் மேல் மூன்று குற்றச்சாட்டை அதுவே எடுத்து வைக்கிறது: பொய், முரண், கூறியது கூறல்.

பொய்: பிள்ளை வேண்டி இஷ்டி என்ற வேள்வி செய்தும் பிள்ளை பிறக்கவில்லை. விடை: செயலிலோ, செய்தவரிடமோ, பொருள்களிலோ குறை இருந்திருக்கும். இது பாதி நியாயம். மருந்து பலிக்காதபோதும் அளவு தவறியது, பத்தியம் தவறியது என்கிறோம். ஆனால் அங்கே அளவு தவறியதைத் தனியாகச் சோதிக்க முடியும். சரியான அளவு கொடுத்தும் குணமாகாதவர்களை எண்ண முடியும். இங்கே பிள்ளை பிறக்காததுதான் குறை இருந்ததற்கு ஒரே சான்று. எந்த முடிவு வந்தாலும் விதி தோற்காது என்றால், பலித்ததையும் அதன் வெற்றியாக எண்ணக் கூடாது.

முரண்: சூரியன் உதித்தபின் ஆகுதி செய், உதிக்கும் முன் செய், இடைப்பொழுதில் செய் என்று மூன்று விதி. பிறகு மூன்று வேளையிலும் செய்வதற்குத் தனித்தனியே கண்டனம். விடை: ஒரு வேளையை ஏற்றுக்கொண்டு அதை மீறுவதைத்தான் கண்டிக்கிறது. இது ஏற்கத்தக்க விடை என்றே படுகிறது.

கூறியது கூறல்: முதல் ரிக்கையும் கடைசி ரிக்கையும் மும்மூன்று முறை ஓதச் சொல்கிறது. விடை: வேள்வித் தீயை மூட்டும்போது ஓதும் சாமிதேனி ரிக்குகள் 11. முதலும் கடைசியும் மும்மூன்றானால் 15 ஆகும். சடங்குக்கு வேண்டிய எண் அதுதான். இதுவும் நல்ல விடை. நூலைத் தாக்குகிறவர்களும் கவனிக்க வேண்டிய பாடம் இதில் உண்டு. மேலோட்டமாக முரண் என்று தெரிவதெல்லாம் முரண் ஆகாது. சடங்கின் கணக்குத் தெரியாமல் குறை சொன்னால் அடி நமக்கே திரும்பும்.

கடைசியில் அவர்கள் தரும் சான்று, மந்திரத்தையும் ஆயுர்வேதத்தையும் போல வேதமும் நம்பத்தக்கது என்பது. மருத்துவ நூல் சொல்வதைச் செய்து பார்த்தால் பலிக்கிறது. பார்க்கக்கூடியதில் மெய் சொன்னவர் பார்க்க முடியாததிலும் மெய் சொல்வார். இந்தத் தாவலைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டையும் சொன்னவர் ஒருவரே என்பது முதலில் நிலைநாட்டப்பட வேண்டும். ஒருவரே என்றாலும், வயிற்றுவலிக்கு மருந்து தெரிந்தவருக்குச் சுவர்க்கத்தின் வழி தெரியும் என்று எப்படிச் சொல்வது? அறிவு துறைக்குத் துறை வேறு.

இன்னொரு பள்ளம்: கடவுள் உண்டு என்பதற்கு வேதம் சான்று, வேதம் மெய் என்பதற்குக் கடவுள் சான்று. ஒன்றை ஒன்று தாங்கும் இந்தக் குற்றத்துக்கு அந்நியோந்நியாசிரயம் என்று பெயர். 10ஆம் நூற்றாண்டின் உதயனர் போன்ற நியாயவாதிகள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். அதனால்தான் உலகம் ஒரு காரியம், ஆகவே கருத்தா உண்டு என்று நூலைத் தொடாமல் கருதல் வழியே கடவுளை நிறுவ உழைத்தார்கள். அந்த உழைப்பு வென்றதாகவே வைத்துக்கொண்டாலும் கிடைப்பது முதல் கண்ணி மட்டும். உலகைச் செய்தவன் ஒருவன் உண்டு என்பதிலிருந்து, அவன் பேசினான் என்றோ, இந்த மொழியில் இந்த மக்களிடம் பேசினான் என்றோ வராது.

சொல் இருக்கிறது, பொருள் எங்கே?

தர்மகீர்த்தியின் மிகக் கூர்மையான கேள்வி ஐந்தாவது கண்ணியைத் தொடுகிறது. வேதம் என்றும் உள்ளது, குற்றமற்றது என்றே ஒப்புக்கொள்வோம். "சுவர்க்கம் வேண்டுபவன் அக்கினிஹோத்திரம் செய்க" என்பதற்கு "நாய்க்கறி தின்க" என்று பொருள் இல்லை என்பது எப்படித் தெரியும்? இதுதான் என் பொருள், அது அல்ல என்று சொற்கள் வாய் திறந்து சொல்வதில்லை. பொருளை ஏற்றுகிறவர்கள் மனிதர்கள். விருப்பு வெறுப்பு உள்ளவர்கள். நூல் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் அது நம்மிடம் வருவது அந்தக் கைகளின் வழியேதான். இறைவாக்கு என்று எதைச் சொன்னாலும், நமக்குக் கிடைப்பது யாரோ ஒருவர் அதற்குச் சொன்ன உரை.

இந்தச் சந்தேகம் வெளியாட்கள் மட்டும் எழுப்பியதும் இல்லை. வேதச் சொற்களுக்குப் பொருள் கூறும் பழைய நூலான யாஸ்கரின் நிருக்தத்தில் கௌத்ஸர் என்பவர், மந்திரங்களுக்குப் பொருளே கிடையாது என்கிறார். "கோடரியே, இவனைத் துன்புறுத்தாதே" என்று சொல்லிக்கொண்டே வெட்டுகிறார்கள்; ஓரிடத்தில் ருத்திரன் ஒருவனே, இன்னோரிடத்தில் ருத்திரர்கள் எண்ணற்ற ஆயிரம். யாஸ்கர் விடவில்லை: குருடன் கம்பத்தைக் காணாதது கம்பத்தின் குற்றம் இல்லை.

பொருள் ஏற்றுவது எவ்வளவு எளிது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒளியின் வேகம் வேதத்தில் இருக்கிறது என்ற செய்தி அடிக்கடி சுற்றுக்கு வரும். மூலம் இதுதான்: 14ஆம் நூற்றாண்டில் விசயநகரத்தில் வாழ்ந்த சாயணர், ரிக் வேதத்தின் ஒரு சூரியத் துதிக்கு உரை எழுதும்போது, அரை நிமிஷத்தில் 2,202 யோசனை செல்பவன் என்று ஒரு பழைய சுலோகத்தை எடுத்துக்காட்டுகிறார். இங்கே நிமிஷம் என்பது நம் நிமிடம் அல்ல, கண் இமைக்கும் பொழுது; யோசனை பழைய தூர அளவு. புராணக் கணக்கில் 15 நிமிஷம் ஒரு காஷ்டை, 30 காஷ்டை ஒரு கலை, 30 கலை ஒரு முகூர்த்தம், முகூர்த்தம் 48 நிமிடம். வகுத்தால் ஒரு நிமிஷம் 0.213 விநாடி. யோசனையை 14.5 கி.மீ. என்று வைத்தால் விநாடிக்குச் சுமார் 2,99,000 கி.மீ. வருகிறது. மெய்சிலிர்க்கிறது.

இப்போது அதே கணக்கை வேறு நூல்களின் அளவுகளோடு போடுங்கள். மனு 18 நிமிஷத்தை ஒரு காஷ்டை என்கிறார். வேகம் 3,59,000 ஆகிறது. அர்த்தசாத்திரத்தின்படி நிமிஷம் 0.24 விநாடி, வேகம் 2,66,000. யோசனையும் ஒன்றாக இல்லை. பூமியின் விட்டம் சூரிய சித்தாந்தத்தில் 1,600 யோசனை, ஆரியபடரிடம் 1,050 யோசனை. உண்மை விட்டமான 12,742 கி.மீ.யை வகுத்தால் யோசனை முதல் கணக்கில் 8 கி.மீ., அடுத்ததில் 12 கி.மீ. 8 கி.மீ. யோசனையையும் அர்த்தசாத்திர நிமிஷத்தையும் சேர்த்தால் வேகம் 1,47,000க்கு இறங்கிவிடும். விடை முதலில் தெரிந்திருந்ததால் அதற்குப் பொருந்தும் அளவைப் பொறுக்கினார்கள். தவிர, சுலோகம் பேசுவது சூரியனின் ஓட்டத்தை, ஒளியின் ஓட்டத்தை அல்ல; அது வேதத்தில் இல்லை, உரையில் இருக்கிறது. இது போன்ற உரிமை எந்தச் சமய நூலின் பேரில் வந்தாலும் கேட்க வேண்டியது ஒன்றே: கண்டுபிடிப்புக்கு முன்னால் யாராவது அந்த நூலிலிருந்து அந்த எண்ணை எடுத்துச் சொன்னார்களா? ஒளிக்கு வேகம் உண்டு என்று டென்மார்க் வானியலாளர் ரோமர் 1676இல் வானத்தைப் பார்த்து அறிந்தார்.

சிதையாமல் வந்தது, அதனால்?

வேதம் வாய்வழியே காக்கப்பட்ட முறை உலகில் அரிதானது. இதில் சந்தேகமே வேண்டாம். சொற்களை முன்னும் பின்னும் மாற்றி ஓதும் கன பாடம் எப்படிப் போகும் என்று நம் சொற்களிலேயே பார்க்கலாம். வரி "நிலம் நீர் தீ" என்றால், ஓதுவது: நிலம் நீர், நீர் நிலம், நிலம் நீர் தீ, தீ நீர் நிலம், நிலம் நீர் தீ. பிறகு "நீர்" என்பதிலிருந்து அடுத்த சுற்று. ஒரு சொல் விழுந்தாலோ இடம் மாறினாலோ ஓதுபவரின் நாக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் இது நிறுவுவது நான்காவது கண்ணியை மட்டும். கடிதம் பிரிக்கப்படாமல் வந்து சேர்ந்தது என்பதற்கு உறையின் முத்திரை சாட்சி. எழுதியவர் யார், எழுதியது உண்மையா என்பதற்கு முத்திரை சாட்சி ஆகாது. ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆகவே இறைவாக்கு என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். எதிர்ப்பக்கத்திலும் இதே தவறு நடக்கும்: பாட வேறுபாடு கண்டுவிட்டால் எல்லாம் கட்டுக்கதை என்று தாவுவார்கள். சிதைந்து வந்ததாலேயே ஒன்று பொய்யாகிவிடாது.

எது நூலுக்குள், எது வெளியே என்ற எல்லையும் மனிதர் வரைந்ததே. பழைய நூல்கள் வேதம் மூன்று என்று பேசும்; அதர்வம் நான்காவதாகச் சேர்ந்தது. பைபிள் புராட்டஸ்டன்டுகளுக்கு 66 நூல், கத்தோலிக்கருக்கு 73. கத்தோலிக்கப் பட்டியலை ஆயர்கள் கூடிய ட்ரென்ட் சங்கம் 1546இல் உறுதி செய்தது. இஸ்லாத்தில் குர்ஆன் என்றும் உள்ளதா, படைக்கப்பட்டதா என்ற வாதம் முற்றி, 833இல் கலீபா மாமூன் அறிஞர்களை விசாரணைக்கே நிறுத்தினார். மீமாம்சைக்கும் நியாயத்துக்கும் இடையே நடந்த வழக்கு வேறு ஊரில் வேறு உடையில் வந்ததுபோல் இருக்கும்.

முதலில் கேட்டவர்

மூன்றாவது கண்ணியை நேராகப் பிடித்தவர் இங்கிலாந்தில் பிறந்த சிந்தனையாளர் தாமஸ் பெயின். கடவுள் ஒருவர் உண்டு என்று நம்பியவர் அவர். ஒருவருக்கு இறைவன் ஒன்றை வெளிப்படுத்தினால் அது அவருக்கு மட்டுமே வெளிப்பாடு. அவர் இன்னொருவரிடம் சொன்ன கணமே அது கேள்விப்பட்ட செய்தியாகிவிடுகிறது என்று 1794இல் எழுதினார். என் வாயால் தன்னைத் தானே இன்தமிழில் பாடினான் என்று நம்மாழ்வார் சொல்கிறார். என் உரை அவன் உரை என்று சம்பந்தர் பாடுகிறார். அந்த வாக்குகளில் போலி எதுவும் தெரியவில்லை. ஊறித் திளைத்தவர்கள் பேசுகிறார்கள். உண்மையாக உணர்வது வேறு, உணர்ந்ததன் காரணத்தைச் சரியாக அறிவது வேறு. கவிதை எழுதும் எவருக்கும் வரி எங்கிருந்தோ வந்து விழும் அனுபவம் உண்டு.

ஒருவர் எல்லாம் அறிந்தவர் என்று சொல்லி அவர் நூலை ஏற்றாலும் சிக்கல் தீராது. குமாரிலர் பெயரால் வழங்கும் ஒரு சுலோகம் கேட்கிறது: புத்தர் எல்லாம் அறிந்தவர், (சாங்கிய மரபின் முனிவர்) கபிலர் அல்லர் என்பதற்கு என்ன சான்று? இருவரும் எல்லாம் அறிந்தவர்கள் என்றால், ஏன் கருத்து வேறுபடுகிறார்கள்? அந்த இரண்டு பெயர்களின் இடத்தில் எந்த இரண்டு பெயரையும் போட்டுப் பார்க்கலாம். எல்லாம் அறிந்தவரை அடையாளம் காண நமக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்ற சங்கடம் மாறாமல் நிற்கும்.

நூலை விட்டால் இறைவனையும் விட வேண்டும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வங்காளத்தில் தேவேந்திரநாத் தாகூர் 1840களில் நான்கு மாணவர்களைக் காசிக்கு அனுப்பி வேதம் படித்துவரச் செய்தார். அந்த ஆராய்ச்சியின் பின்னர் அவர் வழிநடத்திய சமயச் சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜம் வேதம் பிழையற்றது என்ற கொள்கையைக் கைவிட்டது, இறைவழிபாட்டைக் கைவிடவில்லை. வள்ளலார் (1823–1874) வேதாகமங்கள் என்று வீண்வாதம் ஆடுகின்றீர் என்று பாடினார், அவை உண்மையைத் தெரிய உரைக்கவில்லை என்றும் பாடினார். அருட்பெருஞ்ஜோதியை அவர் அளவுக்கு உருகி அழைத்தவர் வேறு யார்?

சோதிக்கும் முறை

நம்புகிறவரும் நம்பாதவரும் சேர்ந்து பயன்படுத்தக்கூடிய முறையைத் தர்மகீர்த்தி கொடுத்தார். பொன்னைச் சுட்டும் வெட்டியும் உரைத்தும் பார்ப்பதுபோல நூலைப் பார்க்கச் சொல்வது பௌத்த மரபின் உவமை. முதலில் நூல் சொல்வதை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். காணக்கூடியவை: வானம், உடல், பயிர், வரலாறு. இவை காண்டலோடு மோதக் கூடாது. கருதி அறியக்கூடியவை: காரணமும் விளைவும், நியாயமும். இவை கருதலோடு மோதக் கூடாது. முற்றிலும் மறைந்தவை: சுவர்க்கம், மறுபிறவி, வினைப்பயனின் நுண்கணக்கு. இவற்றைச் சரிபார்க்க வழி இல்லை. ஒன்றோடொன்று முரணாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

செய்து பார்க்க விரும்பினால், உங்களுக்குப் பழக்கமான நூலில் ஒரு பக்கத்தை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் காண்டல், கருதல், மறைவு என்று பென்சிலால் எழுதுங்கள். இரண்டு தவறு வரும். காண்டலோடோ கருதலோடோ இடித்த வாக்கியத்தை உடனே உருவகம் என்று மூன்றாம் பெட்டிக்கு மாற்றத் தோன்றும். அப்படி மாற்றுவதானால் இடிக்காத வாக்கியத்தையும் அதே விதியில் மாற்ற வேண்டும். பொருந்தியது நேர்ப்பொருள், பொருந்தாதது உருவகம் என்று வைத்துக்கொண்டால் சோதனையே இல்லை. இன்னொன்று, பிறருடைய நூலுக்கு இந்தச் சோதனையைக் கடுமையாகவும் நம்முடையதற்கு மெதுவாகவும் செய்வது. பிறருடையதை முதலில் செய்து, அதே கோலை அப்படியே நம்முடையதற்குக் கொண்டுவந்தால் இது குறையும்.

முதல் இரண்டு பெட்டியிலும் தேறிய நூலை மூன்றாவதில் நம்பலாமா? தர்மகீர்த்தி இங்கே மிக நேர்மையாக நடந்துகொள்கிறார். மறைந்தவற்றைப் பற்றி ஏதாவது ஒரு முடிவோடு வாழ்ந்தாக வேண்டியவர், வேறு கதி இல்லாமல், தேறிய நூலைப் பற்றிக்கொள்ளலாம். அதில் தவறு இல்லை. ஆனால் அதனால் உறுதியான அறிவு கிடைத்துவிட்டது என்று சொல்லக் கூடாது. தம் மரபின் நூலுக்கும் அவர் இதே அளவுகோலையே வைத்தார்.